விக்கல் நின்ற கரை

காலை பத்தேகாலுக்கு மென்பொருள் முதல் தடவை மண்டையைப் போட்டது.

அறுபத்து மூன்று சதவீதம் வரை சமர்த்தாக ஓடிவந்த பச்சைப் பட்டை அங்கேயே நின்றுவிட்டது. திரை வெளிறியது. மேலே "பதிலளிக்கவில்லை" என்று ஒரு வரி வந்தது. அப்புறம் வரைபடம், வீடுகள், ஏரி, குளம் எல்லாம் ஒரே மூச்சில் காணாமல் போய், திரையில் வெறும் நீல நிறம் மட்டும் மிச்சமிருந்தது. மேப்பு கையிலிருந்த தேநீரை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்த நகரத் திட்ட அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. இரண்டாம் மாடியில் வரைபடத்தோடு மல்லுக்கட்டுவது இரண்டே பேர். ஜன்னலோர மேஜைக்காரர் கோடு போடுகிறவர். வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு, குளத்துக்கும் வாய்க்காலுக்கும் ஓரம் பிடித்து வரைவார். எதிர்மேஜைக்காரி அந்தக் கோடுகளை வைத்துக் கணக்குக் கேட்கிறவள். எதற்குப் பக்கத்தில் எது இருக்கிறது, எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று மென்பொருளைக் குடைந்து பதில் வாங்குவாள். அதனால், வரைபடத்தின் ஆங்கிலப் பெயரான 'மேப்'பை இழுத்து, அவள் மேப்பு. அவர் பெயர் விக்கல். ஏழு மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பதினொரு நாள் விடாமல் விக்கல் எடுத்தது. விக்கல் போய்விட்டது, பெயர் போகவில்லை.

அன்றைக்கு மாலை நாலு மணிக்கு நகர மன்றக் கூட்டம். மழைக்காலம் தொடங்குமுன் நீர்நிலைகளின் கரையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். மேலாளர் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"மேப்பு, நாலு மணிக்கு அத்தனை பேர் முன்னாடி நின்னுக்கிட்டு தோராயமான்னு ஆரம்பிக்க வைக்காதம்மா."

"மாட்டேன் சார்."

தலை உள்ளே போனது. தொலைபேசி அடித்தது. அம்மா.

அம்மாவுக்கும் நாலு மணிதான். ஒரு நல்ல இடத்திலிருந்து அவளைக் கேட்டிருக்கிறார்கள். நாலு மணிக்குக் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரலாமா, வேண்டாமா என்று அதற்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

"போன தடவை மாதிரி கடைசி நிமிஷத்துல கழுத்தறுக்காத. உனக்கு என்ன வயசுன்னு ஞாபகம் இருக்கா?"

"முப்பத்தொண்ணும்மா. நீதான் தினமும் ஞாபகப்படுத்தறியே."

விஷயத்தை மூடி மறைப்பானேன். மேப்புவுக்கு எதிர்மேஜை விக்கலைப் பிடித்திருந்தது. மூன்று வருஷமாகப் பிடித்திருந்தது. போன இடத்தை அவள் வேண்டாம் என்று சொன்னதே அவரை மனதில் வைத்துக்கொண்டுதான். ஆனால் அந்த மனுஷனோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் ரகம். அவளே கேட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கேட்டிருப்பாள். அவர் அவளை இன்று வரை "மேடம்" என்றுதான் கூப்பிடுகிறார். கேட்டபின் அவர் "மன்னிச்சிடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டால், இன்னும் இருபத்தேழு வருஷம், ஓய்வு பெறும்வரை, அந்த எதிர்மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் காலையில் பேருந்தில் வரும்போதே ஒரு முடிவு எடுத்திருந்தாள். இன்று நாலு மணிக்குள் அவராக ஒரு வார்த்தை சொன்னால் சரி. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிடுவது.

"மேடம், என்ன ஆச்சு?" என்றார் அவர்.

"செத்துப்போச்சு."

கீழ்த்தளத்திலிருந்து கம்ப்யூட்டர்காரர் வந்தார். அலுவலகத்துக் கணினிகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர், எல்லா நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்து. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். அறுபத்து மூன்றில் நின்றது. மறுபடி அணைத்துப் போட்டார். அறுபத்து மூன்று. "மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, போகாமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குக் கீழே வேலை இல்லை போலிருந்தது.

விக்கல் தன் நாற்காலியை மெதுவாக உருட்டிக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தார். பேச்சு வராதே தவிர, வேலை என்று வந்தால் ஆள் கில்லாடி.

"ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும் மேடம். மாத்திட்டு ஓட்டிப் பாக்கணும். ரெண்டை ஒண்ணா மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாது."

முதலில் தகவல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். எல்லாம் மூன்றாம் மாடிப் பொதுக் கணினியில் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் மென்பொருள் மாடியேறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லாவற்றையும் அவளுடைய கணினிக்கே நகலெடுத்து ஓட்டினார்கள். முன்பு இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டு அறுபத்து மூன்றில் செத்தது. இப்போது பன்னிரண்டே நிமிஷத்தில் அறுபத்து மூன்றில் செத்தது.

அடுத்து அளவைப் பார்த்தார்கள். வீடுகள் மீட்டர் கணக்கில் இருந்தன, நீர்நிலைகள் அட்சரேகை, தீர்க்கரேகை என்று பாகைக் கணக்கில் இருந்தன. மென்பொருள் ஒவ்வொரு தடவையும் ஒன்றை இன்னொன்றாக மொழிபெயர்த்துக்கொண்டே ஓடியது. இரண்டையும் மீட்டராக்கினார்கள். ஆறு நிமிஷத்தில் செத்தது. புத்தகத்தின் கடைசியில் எந்தப் பக்கத்தில் எது என்று அகரவரிசை போடுவார்களே, அந்த மாதிரி எந்த மூலையில் எந்த வீடு என்று ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். இரண்டே நிமிஷம்.

"சாவு சுறுசுறுப்பாயிடுச்சு" என்றாள் மேப்பு.

அவர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும். அந்தக் குலுங்கலை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மென்பொருள் இப்படியே சாயங்காலம் வரை செத்துக்கொண்டிருக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, உடனே மேலாளரை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

பதினொன்றரைக்கு மறுபடி அம்மா.

"என்னடி முடிவு பண்ணின?"

"அறுபத்து மூணுலயே நிக்குதும்மா."

"எது அறுபத்து மூணு? பையனுக்கு முப்பத்து நாலுதான்."

"வேலையைச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லலாம்னுதான் நினைக்கிறேன். நாலு மணிக்குச் சொல்றேன். இப்ப வைம்மா."

பக்கத்து நாற்காலியில் "விக்" என்று ஒரு சத்தம் கேட்டது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விக்கல் மார்பில் கை வைத்துக்கொண்டு முழித்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் விக்கல். சரியாகக் கால் நிமிஷம் கழித்து இரண்டாவது வந்தது.

"யாரோ உங்களை நினைக்கிறாங்க" என்றார் கம்ப்யூட்டர்காரர். மேப்பு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவர் மடமடவென்று குடித்தார். "நன்றி மே-விக்-டம்" என்றார்.

நேரம் ஓடியது. நீர்நிலைகள் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. உருவங்களில் கோளாறு இருக்கிறதா என்று சோதிக்கும் கருவியை மேப்பு ஓடவிட்டாள். பத்தொன்பது உருவங்களில் கோடு தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது என்று அது பட்டியல் போட்டது. வெட்டுகள் மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம். கரை என்றால் வீட்டைச் சுற்றிப் போட்ட வேலி மாதிரி ஒரே சுற்றாக வந்து முடிய வேண்டும். அப்போதுதான் எது உள்ளே எது வெளியே என்று மென்பொருளுக்குப் புரியும். கோடு தன் மேலேயே ஏறிக் குதித்தால் அதற்குத் தலைகால் புரியாது. ஒரு குளத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த கோடு திடீரென்று மேலே ஒரு துள்ளல் துள்ளி, ஒரு குட்டிச் சுருக்கு போட்டு, மறுபடி ஒன்றும் தெரியாததுபோல் போனது. கொஞ்சம் தள்ளி இன்னொரு சுருக்கு. படமாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. கணக்குக் கேட்டால்தான் குட்டு வெளிப்படும், இதுவரை இந்தக் குளங்களை யாரும் கணக்குக் கேட்டதில்லை.

"இது எப்படி வந்துச்சு?" என்றாள்.

"தெரியல மேடம். நான்தான் வரைஞ்சேன். ஆனா இப்படி வரையல. ஒண்ணை அழிச்சிட்டுத் திரும்ப வரைஞ்சு காட்டறேன்."

மற்றவர்கள் புள்ளி புள்ளியாகத் தட்டி வரைவார்கள். அவருக்கு அது பிடிக்காது. கணினியோடு இணைத்த பலகையில் அதற்கான பேனாவை வைத்தால் எடுக்காமல் இழுத்துக்கொண்டே போவார், மென்பொருள் தானாகப் புள்ளி வைத்துக்கொண்டே பின்னால் வரும். கரையில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தாலும் விடமாட்டார். பேனா அழகாக நகர்ந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துப் பார்த்தார்கள்.

"விக்."

உடம்பு குலுங்கியது, பேனா துள்ளியது. திரையில் கோடு மேலே எகிறி, ஒரு குட்டிச் சுருக்கு போட்டுத் திரும்பியது.

கம்ப்யூட்டர்காரர் திரையிலிருந்த சுருக்கையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேப்புவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கம்ப்யூட்டர்காரர் நாற்காலியோடு சேர்ந்து ஆடினார். மூவாயிரம் விக்கல்களும் நகரத்தின் நீர்நிலைகளில் பத்திரமாகப் பதிவாகியிருந்தன. மேலாளர் கதவைத் திறந்து, "முடிஞ்சிடுச்சா?" என்றார்.

"கண்டுபிடிச்சிட்டோம் சார். இவருக்கு விக்கல் எடுத்தப்போ ஊருக்கே எடுத்திருக்கு" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

அப்போது மணி ஒன்றரை. சுருக்குகளை அவிழ்க்கும் கருவி பதினெட்டுக் குளங்களை ஐந்தே நிமிஷத்தில் சரி செய்துவிட்டது. பத்தொன்பதாவது பெரிய ஏரி. அதைத் தொட்டதும் கருவியே மண்டையைப் போட்டது. பதினாலு கிலோமீட்டர் கரை, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி, ஆக ஏழு லட்சம் புள்ளிகள். அதற்குள் ஆயிரக்கணக்கில் விக்கல். எந்த இயந்திரம் தாங்கும்?

"இவ்வளவு புள்ளி எதுக்குங்க?" என்றாள்.

"நீங்க கணக்குப் போடறப்போ விக்-பிழை வரக்கூடாதேன்னு."

அதைக் கேட்டு அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. அவர் ஏரியை வரைந்துகொண்டிருக்கும்போதே ஒரு கட்டத்தில் விக்கல் நின்றிருக்கிறது. அதற்குப் பிந்திய கரை சுத்தமாக இருக்கும். நின்ற இடத்தைக் கண்டுபிடித்து அங்கே ஏரியை வெட்டினால், கெட்ட பாதியை மட்டும் துண்டு துண்டாகச் சரி செய்து, பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

"எப்ப நின்னுச்சு?"

அவர் பதில் சொல்வதற்குள் மேலாளர் முந்திக்கொண்டார். "வெள்ளிக்கிழமை. நான்தானே கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டேன். அன்னிக்கோட நின்னுச்சு."

"அது எப்படி சார்? புதன்கிழமை நான் பின்னாலேர்ந்து போய்க் கத்தினேனே, அதுல நின்னதுதான்" என்றார் கம்ப்யூட்டர்காரர். ஏழு மாதமாக இரண்டு பேருக்கும் இந்தத் தகராறு நடந்துகொண்டிருந்தது. விக்கல் யாருடைய கட்சியிலும் சேராமல் ஜன்னலைப் பார்த்தார்.

அந்த அலுவலகத்தில் கோடு போடுகிறவர் ஒவ்வொரு மணிக்கும் எதுவரை வரைந்தார் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும் என்பது விதி. மேப்பு அவருடைய பழைய நோட்டை அலமாரியிலிருந்து எடுத்தாள். பிறகு ஏரியின் புள்ளிகளை வரைந்த வரிசையிலேயே அடுக்கி, கடைசிச் சுருக்கு எங்கே என்று தேடினாள். படகுத்துறையைத் தாண்டி, மதகை எட்டுமுன், ஒரு வளைவில் இருந்தது அது. அதற்கப்பால் கோடு வழுவழுவென்று ஓடியது. அப்படி ஒரு நிம்மதியான கோட்டை அவள் பார்த்ததில்லை. நோட்டில் பார்த்தாள். "வியாழன், 3 மணி: படகுத்துறை வரை. 4 மணி: மதகு வரை."

"வியாழக்கிழமை சார். நீங்களும் இல்ல, இவரும் இல்ல."

இரண்டு பேருக்கும் முகம் தொங்கிப்போயிற்று.

வளைவில் ஏரியை வெட்டினாள். கெட்ட பாதியை முப்பது துண்டாக்கி, ஒவ்வொன்றாகச் சுருக்கு அவிழ்த்தாள். தேவையில்லாத புள்ளிகளை உதிர்த்தாள். அவர் பக்கத்திலிருந்து எண்ணிக்கை சொன்னார், "பதினே-விக்-ழு, பதினெட்டு" என்று. மூன்றேகாலுக்கு ஏரி மறுபடி ஒன்றாயிற்று. கணக்கை ஓடவிட்டாள். ஐம்பது. அறுபது. அறுபத்து மூன்று. நின்றது. நாலு பேரும் நின்றார்கள். அறுபத்து நாலு.

அதற்கப்புறம் நூறு வந்தது யாருக்கும் தெரியாது. மேலாளர் கம்ப்யூட்டர்காரரைக் கட்டிக்கொண்டார், பிறகு சட்டையைச் சரி செய்துகொண்டார். ஆயிரத்து இருநூற்று எண்பத்து நாலு வீடுகள். அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு அவர் கூட்டத்துக்கு ஓட, கம்ப்யூட்டர்காரர் படத்தைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். மணி மூன்று நாற்பது. அறையில் இரண்டு பேர் மட்டும் மிச்சம்.

"விக்."

மேப்பு நோட்டை மூடப்போனவள் மூடவில்லை. வியாழன், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே. அன்றைக்குத் தேநீர் வேளையில் அவள் எல்லோரிடமும் சொன்னது நினைவுக்கு வந்தது, அந்த இடம் வேண்டாம்னு சொல்லிட்டேன் என்று. காது ஜிவ்வென்றது. முதல் சுருக்கு எந்தக் குளத்தில் என்று தேடி, அந்தக் குளத்தை நோட்டில் பிடித்தாள். முந்தின வாரத்துத் திங்கட்கிழமை, பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவே. அன்று காலை அவள் உள்ளே நுழைந்ததுமே சொன்ன செய்தி, என்னைப் பாக்க வர்றாங்களாம் என்று. இன்றைக்குப் பதினொன்றரை, அம்மாவிடம் வரச் சொல்லலாம் என்று அவள் சொன்ன நேரம். இரண்டு புள்ளி இருந்தாலே கோடு போட்டுவிடலாம். அவளிடம் மூன்று இருந்தது.

ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே துடைத்த பேனாவை.

தொலைபேசி அடித்தது. மூன்று ஐம்பத்திரண்டு.

"என்னடி சொல்ற?"

ஒரு தடவைக்கு ஒன்றுதான் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். மேப்பு தெளிவாக, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "வர வேண்டாம்னு சொல்லிடும்மா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கால் நிமிஷம் போனது. அரை நிமிஷம் போனது. விக்கல் இல்லை. காதில் அம்மா பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"சரி சரி, வரச் சொல்லு."

"விக்."

"இல்லம்மா, வேண்டாம்."

அமைதி. வெளியே யாரோ படியிறங்கும் சத்தம்கூடக் கேட்டது.

"வரட்டுமே."

"விக்."

"என்னடி விளையாடறியா? ஒரு பேச்சுல நில்லு" என்றாள் அம்மா.

மேப்பு தொலைபேசியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நாற்காலியைத் திருப்பினாள்.  முகத்தை வேலை முகமாக வைத்துக்கொண்டாள்.

"ஓட்டி ஓட்டிப் பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே எடத்துலதான் கோளாறு. இதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க வாயைத் திறந்தாத்தான் உண்டு."

அவர் காது நுனிவரை சிவந்துபோனார். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பேனாவை மேஜையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"மேடம்" என்று ஆரம்பித்தவர், அதைப் பாதியில் விட்டுவிட்டு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளுடைய உண்மைப் பெயரைச் சொன்னார். "அவங்க வர வேண்டாம். ஞாயித்துக்கிழமை நான் வர்றேன்."

இடையில் ஒரு விக்கல்கூட இல்லை. மேப்பு கையை எடுத்தாள். அம்மா இன்னும் தொடர்பில்தான் இருந்தாள்.

"யாருடி அது, அப்போலேர்ந்து பக்கத்துல விக்கிட்டே இருக்கறது?"

"உன் மாப்பிள்ளைம்மா. இப்ப நின்னுடுச்சு."